குருவி இல்லாமல் இறங்கி வந்த பாட்டுகள்

பறவை இல்லாமல் பாட்டு மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்த வருஷத்தில், தூவானப்பாறை எஸ்டேட்டில் மழை நான்கு நாள் முந்திப் பிடித்துக்கொண்டது. வைகாசி கடைசி வாரம், ஒரு புதன்கிழமை. மம்மதுக்கா டீக்கடையைத் திறந்து பாய்லரில் கரி போட்டுக்கொண்டிருந்தபோது, காலி பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து சீட்டிக்குருவி பாடியது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பிஸ்கட் தூள் இருந்தது, பாட்டு இருந்தது, குருவி இல்லை. மூடியைத் திரும்ப வைத்து, பாட்டுக்கு மூச்சு முட்டிவிடக் கூடாதே என்று ஆணியால் அதில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போனார்.

அன்று வந்தது ஒன்று. மறுநாள் மூன்று வந்தன. அந்த வாரம் முடிவதற்குள் மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிக்கு மேல் பாட்டு வந்து குடியேறிவிட்டது. ஒரு வீட்டில் நின்றுபோன சுவர்க்கடிகாரத்துக்குள், ஒரு வீட்டில் காலி எண்ணெய் டின்னுக்குள், ஒரு வீட்டில் தொட்டில் துணியின் மடிப்புக்குள், மாரியம்மன் கோவிலில் உறுமி மேளத்தின் வயிற்றுக்குள், சர்ச்சில் ஆர்மோனியப் பெட்டிக்குள், என் வீட்டில் என் பெண்சாதி பூரணம் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிக்குள், சேலைக்கும் அந்துருண்டைக்கும் நடுவில்.

சீட்டிக்குருவி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பென்று நினைத்துப் பார்த்தால் நீலம், நீலமென்று நினைத்துப் பார்த்தால் கறுப்பு. நெற்றியிலும் தோளிலும் மட்டும் வெயில் பட்டால் பளிச்சென்று எரியும் ஒரு நீலம். மழைக்காலத்துச் சோலைக்குள், ஓடைப் பாறைமேல் உட்கார்ந்து விடியுமுன் பாடும். மனுஷன் ஒருத்தன் பாதி தெரிந்த பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போவது போலவும், நடுவில் மறந்துபோய் நின்று யோசிப்பது போலவும், ஞாபகம் வந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது போலவும் இருக்கும். காட்டிலாகா ஆபீஸ் புத்தகத்தில் அதற்குச் சீகாரப் பூங்குருவி என்று பெயர்.

பாட்டோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்ள எங்கள் ஜனங்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாட்டுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கல்யாணத்துக்குக் கீழ்நாட்டுக்குப் போன ஒரு குடும்பம் நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்கள் வீட்டுப் பாட்டு துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி நைந்து கிடந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல் பாட்டு இருக்கும் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் புகுந்துவிட்ட பாட்டு யாருக்கு என்று சண்டை வந்து, ஆளுக்கொரு வாரம் காது வைத்துக் கேட்பது என்று தீர்ப்பானது. பாட்டு முடியும்வரை எந்தப் பெண்ணும் அடுப்பு மூட்டவில்லை. அடுப்பு மூட்டாததால் யாரும் நேரத்துக்குக் கொழுந்தெடுக்கப் போகவில்லை. கங்காணிமார் கத்திப் பார்த்து, பிறகு அவர்களும் வாசலில் நின்று கேட்கத் தொடங்கிவிட்டதால், ஃபாக்டரிச் சங்கைப் பத்து நிமிஷம் தள்ளி ஊதும்படி ஆனது. கம்பெனி வீட்டுக்குள் இருக்கிற எதுவும் கம்பெனிச் சொத்து என்று மானேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். மறுநாள் விடிகாலையில் அந்த நோட்டீஸ் பலகையும் பாடியது. அவர் நோட்டீஸைக் கிழித்துவிட்டார், பலகையை எடுத்துத் தன் பங்களாவில் வைத்துக்கொண்டார்.

எல்லாரும் என்னிடம் வந்து கேட்டார்கள், ஏன் இப்படி என்று. கேட்க வேறு ஆள் இல்லை. அந்தக் குருவியை எண்ணுகிறவன் நான்தான். நான் சொன்னேன், காட்டில் குருவி நிரம்பி வழிகிறது, வழிந்தது இங்கே இறங்குகிறது என்று. என் புத்தகத்தில் கணக்கு சில வருஷமாகக் குறையாமல் நின்றதால் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் நம்பினார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் ஒரு காரணம் சொல்லி ஊர் நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பெயர் வெயிலுமுத்து. ரேஞ்ச் ஆபீஸில் வாட்சர். இருபத்துமூன்று வருஷமாக வாட்சர், ஒருநாளும் நிரந்தரம் இல்லை. எனக்கு வர வேண்டிய மழைக்கோட்டை யார் போட்டுக்கொண்டு போனான், என் இடத்துக்கு யார் பெயரை எழுதினார்கள், எந்த விழாவில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள், எல்லாம் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. ஆனால் குருவிக் கணக்கு மட்டும் என்னுடையது. அதை யாராலும் என்னிடமிருந்து எடுக்க முடியவில்லை.

எண்ணுவது இப்படி. ஆனி மாதம் இருபது தேதிக்கு மேல் ஆறு நாள். நெட்டோடை என்கிற ஓடை மலை உச்சியிலிருந்து சோலைக்குள்ளேயே இறங்கி வருகிறது. அதன் கரையில் வெள்ளை அடித்த நாற்பது கல். ஓர் ஆள் கீழேயிருந்து ஏற வேண்டும், இன்னோர் ஆள் உச்சியிலிருந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் நிற்க வேண்டும். கேட்கிற குருவிக்கு ஒரு கோடு. நடுவில் ஆனைமுதுகு என்ற பாறையில் இரண்டு பேரும் சந்தித்து, உனக்கு எந்தப் பக்கம் கேட்டது எனக்கு எந்தப் பக்கம் கேட்டது என்று பேசி, இரண்டு தடவை எண்ணியதை அடித்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

உச்சியிலிருந்து இறங்குகிறவன் சங்கிலிபூதம். பூரணத்தின் தம்பி, எனக்கு மச்சினன். முதல் வருஷம் நாங்கள் இருவரும் சேர்ந்து கூட்டியது நூற்றுப் பதினெட்டு. நாலாவது வருஷம் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, கணக்கை வாய்விட்டு வாசி என்றார். நான் பதினேழை எழுபத்தொன்று என்று வாசித்துவிட்டேன். எழுத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. முதலில் சிரித்தது சங்கிலிபூதம். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. அவன் பெயரும் இல்லை, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வீடு நாலாவது லைன், என் வீடு ஆறாவது. இரண்டுக்கும் நடுவில் பூரணம்தான் குழம்பையும் சேதியையும் சுமந்து நடந்தாள். "உங்க கோவத்துக்குப் பத்தொம்பது வயசாச்சு. ஒரு மாப்பிள்ளை பாத்துக் கட்டிக் குடுத்து அனுப்பிருவமா?" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பேச்சில்லாததால் ஆனைமுதுகில் சந்திப்பதும் இல்லை. நான் ஐந்து கல் முன்னாலேயே திரும்பிவிடுவேன். அவனும் ஐந்து கல் மேலேயே திரும்பிவிடுவான் என்று எனக்குத் தெரியும். இரண்டு புத்தகத்தையும் ஆபீஸில் யாரோ கூட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனியில் குருவி குறைவாகப் பாடியது. கல்லுக்குக் கல் நின்றேன், ஓடைச் சத்தம்தான். மழை ஜாஸ்தி, அதனால் சோம்பியிருக்கிறது என்று நினைத்து, நான் ஒரு சீட்டி அடித்தேன். ஆண்குருவிக்குத் தன் இடத்தில் இன்னொருத்தன் குரல் கேட்டால் பொறுக்காது, பதில் சொல்லியே தீரும். அந்தச் சுபாவம் எனக்கு நன்றாகப் புரியும். அடித்தேன், சற்றுப் பொறுத்து மேலேயிருந்து பதில் வந்தது. கோடு போட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் கல்லுக்குக் கல் சீட்டி அடித்தேன், கல்லுக்குக் கல் பதில் வந்தது, சில கல்லில் இரண்டு. ஆபீஸில் சொல்லவில்லை. கைவேலைக்காரன் எல்லாவற்றையுமா சொல்வான்.

பாட்டு இறங்கி வந்த அந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஷர்மிளா என்றொரு பெண் வந்திருந்தாள். பல மலைகளின் பழைய கணக்குப் புத்தகங்களை வாங்கிப் படிப்பது அவள் வேலை. எங்கள் இருபத்துமூன்று வருஷத்தையும் ஒரு நீளத் தாளில் ஒரே கோடாக வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டினாள். அத்தனை வருஷத்து மழையும் அட்டைக்கடியும் வெற்றிலையும் ஒரே கோடாகி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டில் தொடங்கி, மலைப்பாதை பஸ் மாதிரி வளைந்து வளைந்து இறங்கி, நாற்பத்தொன்றுக்கு வந்து, அங்கிருந்து எட்டு வருஷம் மேஜைமேல் வைத்த மாதிரி சமமாகப் போனது.

"வெயிலுமுத்து அண்ணே, இறங்கறது புரியுது," என்றாள். "நிக்கறதுதான் புரியல. உயிருள்ளது எதுவும் இப்படி நேரா நிக்காது. ஒண்ணு ஏறும், இல்லே இறங்கும்."

காதால் கேட்டதை இந்த வருஷம் எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றாள். என் காதைச் சந்தேகப்பட்டவள் என்று அவளையும் மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனி, மலைமேல் விருந்தாளிகளுக்கு வீடு கட்ட நினைத்தது. அதற்கு ரோடு வேண்டும். ரோடு போக, நெட்டோடைக் கரைச் சோலையை ஒரு பக்கம் முழுக்க வெட்ட வேண்டும். அவர்கள் கொடுத்த மனுவில் என் கணக்கு இருந்தது. குருவி எட்டு வருஷமாக நாற்பத்தொன்றுக்குக் குறையவில்லை, நிலையாக இருக்கிறது, ஆகவே ஓர் ஓரத்தை எடுத்தால் பாதகமில்லை. ஷர்மிளா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அச்சில் என் நாற்பத்தொன்றைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஆனி முப்பதாம் தேதி ஆபீஸ் முற்றத்தில் கூட்டம், அன்று முடிவு என்றாள்.

எண்ணுகிற முதல் நாள் ஏறினேன். முதல் கல்லில் நின்று சீட்டி அடித்தேன், மேலேயிருந்து பதில் வந்தது. வழக்கமாக அதோடு ஒரு கோடு. இப்போது பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆகவே நடந்தேன். அடித்தேன், பதில் வந்தது, நடந்தேன். பதில் ஒரு கல்லுக்கு ஒரு கல் நெருங்கி வந்தது. குருவி என்னை நோக்கி வருகிறது என்று நடையை எட்டிப் போட்டேன். பதினைந்தாம் கல்லில், நான் எப்போதும் திரும்புகிற கல்லில், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு திரும்பாமல் போனேன். ஆனைமுதுகுக்கு வந்து, பாறைமேல் கை ஊன்றி ஏறி, உதட்டைக் குவித்து அடித்தேன். பாறைக்கு அந்தப் பக்கப் பெரணியை விலக்கிக்கொண்டு, குவித்த உதட்டோடு சங்கிலிபூதம் வந்து நின்றான்.

உதட்டை இறக்க இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தான்," என்றான்.

"நீயாலே அடிச்சே?"

"நீங்களா அடிச்சீக?"

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். எட்டு என்றான். அவன் கேட்டான், நானும் எட்டு என்றேன். அவன் பாறையில் உட்கார்ந்தான். தலை நரைத்து, முன்பல் ஒன்று போய், ஏதோ எனக்குத் தெரியாத கிழவன் மாதிரி இருந்தான்.

"அப்ப இருபது இருபதுன்னு நான் எழுதினது..."

"நான்," என்றேன். "நான் இருபத்தொண்ணுன்னு எழுதினது நீ."

சங்கிலி கீழே கை காட்டினான். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி பன்னெண்டாங் கல்லுப் பக்கம் ஒண்ணு பாடுச்சு, அத்தான். இழுத்து இழுத்து, கடைசில தேம்புற மாதிரி. வீட்ல வந்து சொன்னேன், இப்படி ஒரு குருவிய நான் என் ஆயுசுல கேட்டதில்லைன்னு. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல."

"அது எனக்கு இருமல் புடிச்ச வருஷம்," என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது, அவனிடம் சொல்லவில்லை. போன ஆனியில் மேலேயிருந்து வந்த ஒரு பதிலில் காற்று கசிகிற மாதிரி ஒரு சின்னப் பொத்தல் இருந்தது. அது அவ்வளவு அழகாக இருந்ததால் அந்த ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திக் கோடு போட்டிருந்தேன்.

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தபோது அது வந்தது. முழுக் குருவி. ஓடைக்கு நடுவில் ஒரு கல்லில் இறங்கி, வாலை விசிறி மாதிரி விரித்து மூடியது. நெற்றியில் அந்த நீலம் எரிந்தது. சின்னது, இரண்டு வயது இருக்கும். எங்களைப் பார்த்தது. பிறகு அலகைத் திறந்து பாடியது.

அது குருவிப் பாட்டு இல்லை. தொடங்கியது என் தொடக்கம். நான் சீட்டி அடிக்குமுன் ஒரு சின்ன மூச்சு விடுவேன், அந்த மூச்சோடு. நடுவில் என் இருமல் ஒரு விக்கலாக வந்தது. பிறகு மறந்து, நின்று, யோசித்து, முடித்தபோது சங்கிலியின் பல் போன இடத்தில் கசிகிற காற்று. குஞ்சாக இருந்தபோதே தாய் தகப்பன் போய்விட்டு, சொல்லிக் கொடுக்கத் தன் ஜாதியில் ஒருத்தரும் மிஞ்சாமல், அந்தச் சோலையில் பாடிக்கொண்டிருந்த இரண்டே பேரிடமிருந்து அது பாட்டைக் கற்றிருந்தது. நாங்கள் பேசாத பேச்செல்லாம் அதன் தொண்டைக்குள் ஒரே பாட்டாக இருந்தது. சங்கிலி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான், கூப்பியிருக்கிறோம் என்று தெரியாமலே.

மீதி ஐந்து நாளும் இருவரும் சேர்ந்து நாற்பது கல்லும் ஏறி இறங்கினோம். வேறு குருவி இல்லை. ஷர்மிளாவிடம் சீட்டியைச் சொன்னோம். அவள் எங்களைத் திட்டவில்லை. குரலை ஏற்றாமல் ஒன்று சொன்னாள். இடம் தேடி வேறு சோலையிலிருந்து வருகிற இளங்குருவி, கல்லுக்குக் கல் ஆள் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கும் என்றாள். இல்லாத குருவியை எழுதியவன் மட்டும் இல்லை நான். வரவிருந்த குருவியைத் துரத்தியவன்.

அன்று சாயங்காலம் பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எட்டு வருசமா நீங்களும் எந்தம்பியும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கீக," என்றாள். "நாந்தான் பைத்தியக்காரி மாதிரி ரெண்டு வீட்டுக்கும் குழம்பு தூக்கிட்டு நடந்திருக்கேன்."

பிறகு கேட்டாள், கூட்டத்தில் என்ன சொல்வீர்கள் என்று. நாற்பத்தொன்று என்று சொன்னால் புத்தகம் நிற்கும், சோலை போகும். ஒன்று என்று சொன்னால் சோலை நிற்கலாம், என் இருபத்துமூன்று வருஷமும் போகும். நான் என் வாழ்க்கையில் எழுதியது அந்த ஒரு புத்தகம்தான். சிரிப்பார்கள். இந்தத் தடவை அவர்கள் சிரிப்பதில் நியாயமும் இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பூரணம் கீரையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். லைன் லைனாக, வீடு வீடாகப் போய்ப் பாட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தாள், மானேஜர் பங்களாப் பலகை உட்பட. "நூத்திப் பதினேழு," என்றாள்.

நான் புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்தேன். நூற்றுப் பதினெட்டு. நான் அதைத் திருப்பி வாசிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகத் தொட்டேன். காட்டில் ஒன்று, இங்கே நூற்றுப் பதினேழு. நிரம்பி வழியவில்லை. போனவை எல்லாம் போகிறபோது பாட்டை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு மாதமாக அதைக் கேட்டுச் சந்தோஷமாக எழுந்துகொண்டிருந்தவன் நான்.

முப்பதாம் தேதி பதினொரு மணிக்குக் கூட்டம். ரேஞ்சர் இருந்தார், கம்பெனி ஆள் இருந்தார், ஷர்மிளாவின் நீளத் தாள் இருந்தது. வேலைக்குப் போக வேண்டிய ஜனம் அன்று கொழுந்துக் கூடையில் டின்னையும் கடிகாரத்தையும் டப்பாவையும் வைத்துக்கொண்டு வந்து முற்றம் நிறைய நின்றது. பூரணமும் சங்கிலியின் பெண்சாதியும் டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு பிடியாகத் தூக்கி வந்திருந்தார்கள். உறுமி வந்தது, ஆர்மோனியம் வந்தது, மானேஜரின் பலகை வந்தது, பொதுச் சுவரிலிருந்து பாட்டிருந்த கல்லும் பெயர்ந்து வந்தது.

இந்த வருஷக் கணக்கை வாசி என்றார் ரேஞ்சர். எழுந்தேன். பக்கத்தில் சங்கிலியும் எழுந்தான்.

"ஒண்ணு," என்றேன். அதைத் திருப்பி வாசித்தாலும் ஒன்றுதான்.

கம்பெனி ஆள் தன் தாளைப் பார்த்து, போன வருஷம் நாற்பத்தொன்று இருந்ததே, அது என்ன ஆனது என்று கேட்டார். எட்டு வருஷமாக நாங்களே சீட்டி அடித்து நாங்களே ஒருவரை ஒருவர் எண்ணினோம் என்று சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ரேஞ்சர் நம்பவில்லை. மனுஷன் சீட்டிக்கு வாட்சர்களே ஏமாறுவார்களா, எங்கே அடித்துக் காட்டுங்கள் என்றார்.

சங்கிலி முற்றத்தின் மேற்கு மூலைக்குப் போனான், நான் கிழக்கு மூலைக்குப் போனேன். நான் அடித்தேன். அவன் பதில் அடித்தான்.

அவன் முடிக்குமுன் டிரங்குப் பெட்டி பாடியது. பிறகு டப்பா, பிறகு கடிகாரம், பிறகு உறுமியின் வயிறு, பிறகு எது முதல் எது இரண்டாவது என்று சொல்ல முடியாதபடி எல்லாம். விடியலில் வீட்டுக்கு வீடு தனித்தனியாக, மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தவை, பட்டப்பகலில் ஒரே முற்றத்தில், நூற்றுப் பதினேழும் பாடின. ஒன்று மறந்த இடத்தில் இன்னொன்று எடுத்தது, அது நின்ற இடத்தில் வேறொன்று தொடங்கியது, பாதி தெரிந்த பாட்டுகள் எல்லாம் சேர்ந்து முழுப் பாட்டாயின. ஒரு காட்டில் முன்பு எவ்வளவு இருந்தது என்பதை நாங்கள் யாரும் ஒருசேரக் கேட்டதில்லை. முதல் வருஷம்கூட நான் கல்லுக்குக் கல்தான் கேட்டேன். ரேஞ்சர் எழுந்து நின்று தொப்பியை எடுத்தார். கம்பெனி ஆள் தன் தாளை மடித்துக்கொண்டே இருந்தார், அது விரலளவு ஆகும்வரை. சுவரில் அந்தக் கோடு இறங்கியதை எல்லாரும் பார்த்திருந்தோம். எந்த உயரத்திலிருந்து இறங்கியது என்பதை அன்றுதான் காதால் கேட்டோம். தொட்டில் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். பாட்டு தானாக ஓய்ந்தது.

மனு திரும்பிப் போனது. இன்றுவரை சோலையில் கத்தி படவில்லை. எட்டு வருஷம் பொய் எழுதியதற்காக என்னையும் சங்கிலியையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனாலும் அந்த ரேஞ்சரை நான் மன்னிக்கவில்லை, தொப்பியை எடுத்தவர் என்றாலும்.

வேலை இல்லாவிட்டாலும் நாங்கள் போகிறோம். ஆனி பிறந்துவிட்டால் விடியுமுன் ஏறி ஆனைமுதுகில் உட்காருகிறோம். அந்த ஒற்றைக் குருவி எங்கள் குரலில் கூப்பிடும். என் மூச்சோடு தொடங்கி அவன் பல்லோடு முடித்து, பதிலுக்குக் காத்திருக்கும். பதில் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னும் ஓர் ஆள் இருப்பதாகிவிடும், வருகிற குருவி வராமல் போய்விடும். இருபத்துமூன்று வருஷம் எண்ணியதைவிட அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை. சீட்டி உதடு வரை வரும். நான் வாயில் வெற்றிலையைத் திணித்துக்கொள்வேன். சங்கிலி துண்டைக் கடித்துக்கொள்வான். முதல் ஆனி அப்படிப் போனது. இரண்டாவது ஆனியும் போனது. ஒருநாள் அது பதினான்கு தடவை கூப்பிட்டுவிட்டு, பிறகு நாளெல்லாம் பேசாமல் இருந்தது.

மூன்றாவது ஆனியில், பத்தாம் நாள், மழை சற்று விட்டிருந்தது. அது கூப்பிட்டது, நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

நான் சங்கிலியின் வாயைப் பார்த்தேன். அவன் என் வாயைப் பார்த்தான். என் வாயில் வெற்றிலை இருந்தது, அவன் பல்லுக்கிடையில் துண்டு இருந்தது. மறுபடி பதில் வந்தது. அதில் என் மூச்சு இல்லை, இருமல் இல்லை, பல் போன பொத்தல் இல்லை. பழைய பாட்டு. கீழே எந்த வீட்டுப் பாட்டு மலைக்குத் திரும்பியதோ, இன்று விடிந்தும் அது கேட்காமல் யார் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தேன்.

கை தானாகச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டது. சங்கிலி துண்டைத் துப்பிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பாத்துட்டுப் போடுங்க, அத்தான்," என்று காதோடு சொன்னான்.

எழுந்தோம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சலசலக்காமல், அவன் முன்னாலும் நான் பின்னாலுமாக ஓடைக்குள் இறங்கினோம்.